நீர்க்கட்டிப் புழுவிலிருந்து காவல் நாயைக் காப்பாற்றுங்கள்

கிடை மறித்த வயலில் அடுத்து வரும் பயிர் செழித்து வளரும் என்பது நம் உழவர்களுக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டிய செய்தியன்று. ஆட்டு எருவில் ஏறத்தாழ 3 விழுக்காடு தழைச்சத்தும், 1 விழுக்காடு மணிச்சத்தும், 2 விழுக்காடு சாம்பல்சத்தும் அடங்கியுள்ளன. இதனால்தான் அறுவடை முடிந்ததும் கிடைக்காரர்களைத் தேடிச் சென்று, முன்பணம் கொடுத்து, நம் வயலில் ஆடுகளைத் தங்க வைக்கிறோம். சொந்தமாகப் பத்து, இருபது ஆடு வைத்திருப்பவர்கள் தம் தோட்டத்திலேயே பட்டி போட்டு இடம் மாற்றி மாற்றி அடைக்கிறார்கள்.

ஆடு இருக்கும் இடத்தில் நாயும் இருக்கும். நரியிடமிருந்தும் திருடரிடமிருந்தும் மந்தையைக் காப்பது பட்டி நாய். விளைந்த காட்டில் பன்றியை விரட்டுவதும், களத்தில் குவித்த நெல்லுக்கு இரவெல்லாம் காவல் இருப்பதும் அதுவே. கூலி கேட்காத இந்த வேலையாளுக்கு நாம் கொடுப்பது மிஞ்சிய சோறும், ஆடு அறுக்கும் நாளில் வீசியெறியும் கழிவுத் துண்டுகளும்தான். அவ்வாறு வீசியெறியும் துண்டுகளில் ஒன்று நாய்க்கும், ஆட்டுக்கும், இறுதியில் நம் வீட்டுக் குழந்தைக்கும் கேடு விளைவிக்கக் கூடியது. அது நீர்க்கட்டி உள்ள நுரையீரல் அல்லது ஈரல்.

உழவியல் பயிற்றுவிக்கும் ஒருவன் நாயைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். கிடை எருவின் நன்மையை வகுப்பிலும் வயலிலும் எடுத்துச் சொல்லும்போது, கிடையோடு வரும் இந்தப் புழுவைப் பற்றியும் சொல்வதே முறையாகும். மேலும், இந்நோய் எங்கள் குடும்பத்திலும் நுழைந்து சென்ற ஒன்று.

எங்கள் வீட்டில் நடந்தது

நான் மேல்நிலைப் பள்ளியில் படித்துக் கொண்டிருந்த காலம். என் சித்தப்பாவுக்கு வலப்பக்க விலா எலும்பின் கீழே கனமாக இருப்பதாகச் சில மாதங்களாகச் சொல்லி வந்தார். வாயுத் தொல்லை என்று எண்ணிச் சுக்குக் கசாயம் குடித்து வந்தார். பிறகு வலி மிகுந்து நகரத்து மருத்துவமனைக்குச் சென்றபோது, ஈரலில் தேங்காயளவு நீர்க்கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை செய்து அகற்றினார்கள். அவர் பிழைத்தார். ஆனால் மூட்டை தூக்கவும் ஏர் பிடிக்கவும் நெடுநாள் இயலவில்லை. அவர் பங்கு நிலம் இரண்டு போகம் தரிசாகக் கிடந்தது.

"வீட்டில் ஆடு உண்டா, நாய் உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். இரண்டும் உண்டு என்றோம். அவர் விளக்கிச் சொன்னதில் "ஆட்டு ஈரல்" என்ற சொல் மட்டுமே எங்கள் பாட்டியின் காதில் நின்றது. அன்று முதல் வீட்டில் எவரும் ஈரல் தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ஆடு அறுத்த போதெல்லாம், முன்பு பாதி எங்களுக்கும் பாதி நாய்க்குமாக இருந்த ஈரலும் நுரையீரலும் முழுவதும் பச்சையாகவே நாய்க்குப் போயின. தீமையைத் தவிர்ப்பதாக எண்ணி அதற்குத் தீனி போட்டு வளர்த்திருக்கிறோம் என்பது, நான் கல்லூரியில் சேர்ந்து இப்புழுவின் வாழ்க்கையைப் பற்றிப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் பாட்டி செய்த தவற்றை இன்றும் பல வீடுகளில் செய்கிறார்கள். அதைத் திருத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புழுவின் வாழ்க்கை

இந்நோயை உண்டாக்குவது எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் எனப்படும் ஒரு சிறிய நாடாப்புழு. நாடாப்புழு என்றதும் முழக்கணக்கில் நீண்ட புழு நம் நினைவுக்கு வரும். இதுவோ 2 முதல் 7 மில்லிமீட்டர் நீளமே உடையது. ஓர் அரிசியின் அளவைத் தாண்டாது. தலையும் மூன்று நான்கு கணுக்களும் மட்டுமே கொண்டது.

இப்புழு வாழ்வதற்கு இரண்டு வீடுகள் தேவை. முதல் வீடு நாயின் சிறுகுடல். அங்கு முதிர்ந்த புழுவாக ஒட்டிக் கொண்டு முட்டையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும், மண்ணிலும், குட்டை நீரிலும் கலக்கின்றன.

இரண்டாவது வீடு ஆடு. மேயும் ஆடு புல்லோடு முட்டையை விழுங்கும்போது, குடலில் முட்டை பொரிந்து, அதிலிருந்து வரும் நுண்ணிய கரு குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலக்கிறது. ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி, மெல்ல மெல்ல நீர் நிறைந்த பையாக வளர்கிறது. இதுவே நீர்க்கட்டி. செம்மறி ஆடு, வெள்ளாடு, மாடு, எருமை, பன்றி ஆகிய எல்லாவற்றிலும் இது உண்டாகலாம். எனினும் செம்மறி ஆட்டில் தோன்றும் கட்டிகள் பெரும்பாலும் வீரியமுள்ளவை.

வீரியமுள்ள கட்டியை அறுத்துப் பார்த்தால், தெளிந்த நீரின் அடியில் நுண்மணல் போன்ற ஒரு படிவு தெரியும். அது மணலன்று. அதிலுள்ள ஒவ்வொரு துகளும் ஒரு புழுவின் தலை. ஒரே கட்டியில் இத்தகைய தலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கக் கூடும். கட்டியுள்ள நுரையீரலை நாய் பச்சையாகத் தின்றால், ஒவ்வொரு தலையும் நாயின் குடலில் ஒட்டி ஒரு முழுப் புழுவாக வளரும். ஏறத்தாழ ஆறு வாரத்தில் அவை முட்டையிடத் தொடங்கும். சுழற்சி மீண்டும் தொடரும்.

ஆகவே, நாயிடமிருந்து ஆட்டுக்குச் செல்வது முட்டை. ஆட்டிடமிருந்து நாய்க்குச் செல்வது கட்டி. இவ்விரண்டில் ஒரு வழியை அடைத்துவிட்டால் புழு வாழ முடியாது. மேய்ச்சல் நிலம் முழுவதிலும் முட்டையைத் தேடி அழிக்க நம்மால் இயலாது. ஆனால் கட்டி நாயின் வாய்க்குப் போகாமல் தடுப்பது, ஆடு அறுப்பவரின் கையில் இருக்கிறது.

நாயைப் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது

ஆயிரக்கணக்கான புழுக்களைக் குடலில் சுமக்கும் நாயும் வழக்கம்போல் தின்று, குரைத்து, ஓடியாடிக் கொண்டிருக்கும். இளைப்பதில்லை, கழிச்சல் காண்பதும் அரிது. மலத்தில் புழு நெளிவதைக் கண்டால் மருந்து கொடுக்கலாம் என்று காத்திருப்பவர் ஏமாந்து போவார். நாயின் மலத்தில் நாம் காணும் வெண்ணிறக் கணுக்கள் பெரும்பாலும் வேறு வகை நாடாப்புழுவினுடையவை. இப்புழுவின் கணு மிகச் சிறியதாதலால் கண்ணில் படாமல் போய்விடும்.

எனவே, பச்சைக் கழிவு தின்னும் பழக்கமுள்ள எந்த நாய்க்கும் இப்புழு இருக்கலாம் என்று எண்ணியே நடந்து கொள்ள வேண்டும். நாய் நலமாகத் தானே இருக்கிறது என்று வாளாவிருத்தல் கூடாது.

ஆட்டுக்கு வரும் இழப்பு

ஆட்டிலும் வெளிப்படையான அறிகுறிகள் தோன்றுவதில்லை. கட்டி மெதுவாக வளர்வதால், இளங்குட்டிகளில் அது சிறியதாகவே இருக்கும். பல ஈற்றுக் கண்ட கிழட்டு ஆடுகளில்தான் பெரிய கட்டிகளைக் காண்கிறோம். அறுத்த பிறகே உண்மை தெரிகிறது. கட்டி மிகுந்த ஈரலையும் நுரையீரலையும் கறிக்கடைக்காரர் கழித்து விடுகிறார். கட்டி பெருத்த ஆடுகளின் உடல் எடையும் பாலும் கம்பளமும் குறையக் கூடும்.

நாயின் வழியாக ஆட்டுக்கு வரும் இன்னொரு நாடாப்புழுவையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மந்தையில் சில வேளைகளில் ஓர் ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொண்டு, ஒரே திசையில் வட்டமிட்டு வட்டமிட்டு நடப்பதைக் கிடைக்காரர்கள் கண்டிருப்பார்கள். பேய் அடித்தது என்றும் கண்ணேறு என்றும் சிலர் சொல்வதுண்டு. இதற்குரிய காரணங்களுள் ஒன்று, மூளையில் தங்கி வளரும் நீர்க்கட்டி. அதுவும் நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவமே. அத்தகைய ஆட்டின் தலையைப் பச்சையாக நாய்க்குப் போட்டால், அந்தப் புழுவும் பெருகும்.

மனிதருக்கு எவ்வாறு வருகிறது?

நாயின் மலத்திலுள்ள முட்டைகள் ஒட்டும் தன்மை உடையவை. நாய் தன் பின்புறத்தை நக்கிவிட்டு உடலையும் நக்கும்போது அவை மயிரிலும் மூக்கிலும் ஒட்டிக் கொள்கின்றன. அந்த நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்பதாலும், நாய் குழந்தையின் முகத்தை நக்குவதாலும், நாய் மலங்கழித்த பாத்தியில் பறித்த கொத்தமல்லி, வெள்ளரி போன்றவற்றைச் சரியாகக் கழுவாமல் பச்சையாகத் தின்பதாலும், நாய் வாய் வைக்கும் நீரைக் குடிப்பதாலும் முட்டை நம் வயிற்றுக்குள் செல்கிறது.

அதன் பிறகு ஆட்டின் உடலில் நடப்பதே நம் உடலிலும் நடக்கிறது. பெரும்பாலும் ஈரலிலும், அதற்கு அடுத்தபடியாக நுரையீரலிலும் கட்டி வளர்கிறது. பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. ஐந்து வயதில் நாயோடு விளையாடிய குழந்தைக்கு இருபது வயதில் நோய் வெளிப்படலாம். கட்டி பெரிதாகி அழுத்தும்போதுதான் விலாவின் கீழே வலி, நெஞ்சு வலி, நீங்காத இருமல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றுகின்றன. அடிபட்டோ தானாகவோ கட்டி உடைந்தால், உள்ளிருக்கும் நீர் உடலில் கலந்து கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சிந்திய நீரிலுள்ள புழுத்தலைகள் உடலினுள் வேறிடங்களில் புதிய கட்டிகளாக வளரவும் கூடும்.

இந்தியாவில் இந்நோய் மிகுந்து காணப்படும் பகுதிகளாக ஆந்திரத்தையும் தமிழ்நாட்டையும் மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. இக்காலத்தில் ஒலியலைப் படம் எடுத்துக் கட்டியை எளிதில் கண்டறிகிறார்கள். கட்டியின் நிலைக்கேற்ப அல்பெண்டசோல் மருந்தோ, அறுவையோ, இரண்டுமோ தேவைப்படும். விலாவின் கீழே நெடுநாள் கனமோ வலியோ உள்ளவர்கள், தம் வீட்டில் ஆடும் நாயும் இருப்பதை மருத்துவரிடம் தாமாகவே சொல்வது நல்லது.

மூன்று தவறான எண்ணங்கள்

முதலாவது, கட்டியுள்ள ஆட்டின் கறியைத் தின்றால் மனிதருக்கு இந்நோய் வரும் என்பது. இது சரியன்று. கட்டியிலுள்ள புழுத்தலை நாயின் குடலில்தான் புழுவாக வளரும். நம் குடலில் வளராது. நமக்கு நோய் வருவது நாயின் மலத்திலுள்ள முட்டையால் மட்டுமே. கட்டியுள்ள உறுப்பைக் கழித்து விட்டுக் கறியை நன்கு வேக வைத்து உண்பதில் இந்நோய் பற்றிய அச்சம் வேண்டியதில்லை.

இரண்டாவது, கட்டியைக் கிழித்து நீரை வடித்துவிட்டால் நாய்க்குப் போடலாம் என்பது. இதுவும் தவறு. புழுத்தலைகள் பையின் உட்சுவரிலும் ஒட்டிக் கொண்டிருக்கும். வடித்த நீரை மண்ணில் ஊற்றினால் நாய் அந்த இடத்தை நக்கும்.

மூன்றாவது, நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்தாகி விட்டது, இனிக் கவலையில்லை என்பது. உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் கொடுக்கும் பைப்பரசின், பைரண்டெல் போன்ற மருந்துகள் இந்த நாடாப்புழுவை ஒன்றும் செய்வதில்லை. இதற்கெனத் தனி மருந்து உண்டு. அதைக் கீழே காண்க.

பாதுகாப்பு முறைகள்

1. பச்சைக் கழிவு போடாதீர். ஈரல், நுரையீரல், மண்ணீரல், குடற்கொழுப்பு, தலை ஆகியவற்றை எக்காரணத்தைக் கொண்டும் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது. கட்டி கண்ணில் படவில்லை என்றாலும் இதுவே விதி. சிறு கட்டிகள் சதையினுள் மறைந்திருக்கும். கழிவை நாய்க்குக் கொடுத்தே ஆக வேண்டுமானால், துண்டு துண்டாக வெட்டிப் பானையிலிட்டு, நீர் கொதிக்கத் தொடங்கிய பின் அரை மணி நேரம் வேக வைத்துப் போடவும். அரை மணி நேரம் கொதித்த உறுப்பில் புழுத்தலைகள் உயிரோடு இருப்பதில்லை. அடுப்பை மூட்டிச் சுடுநீரில் முக்கியெடுப்பதும், தணலில் மேலாக வாட்டுவதும் போதா.

2. கட்டியுள்ள உறுப்பை எரிக்கவும் அல்லது புதைக்கவும். குழி குறைந்தது மூன்றடி ஆழம் இருக்க வேண்டும். மேலே மண்ணை நன்கு மிதித்து இறுக்கிக் கல்லோ முள்ளோ பரப்ப வேண்டும். ஓரடிக் குழியில் புதைத்ததை நாய் அன்றிரவே தோண்டியெடுத்து விடும். ஓடையிலோ, கண்மாய்க் கரையிலோ, குப்பை மேட்டிலோ எறிவது ஊர் நாய்கள் அனைத்துக்கும் விருந்து வைப்பதாகும்.

3. செத்த ஆட்டைக் கிடத்திப் போடாதீர். கிடையில் நோயால் இறந்த ஆட்டைக் காட்டில் வீசிவிட்டு அடுத்த ஊருக்குச் செல்லும் வழக்கம் உண்டு. பட்டி நாயும் ஊர் நாயும் நரியும் அதைத் தின்னும். நிலத்துக்குச் சொந்தக்காரரும் கிடைக்காரரும் சேர்ந்து ஒரு குழி தோண்டிப் புதைப்பது இருவருக்கும் நன்மை.

4. கொடை, கிடாவெட்டு நாட்களில் கவனம் தேவை. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் ஒரே நாளில் பல ஆடுகள் அறுபடும். அன்று ஊர் நாய்கள் ஒரு வருடத்திற்குரிய கழிவை ஒரே நாளில் தின்று விடுகின்றன. கோயில் திடலுக்கு அருகில் முன்னதாகவே ஒரு குழி வெட்டி வைத்து, கழிவு முழுவதையும் அதிலிட்டு மூடுவதற்கு ஊர்ப் பெரியவர்கள் ஒருவரைப் பொறுப்பாக்கினால் போதும். வீட்டு நாயை அன்று கட்டி வைக்கவும். அப்படியும் நாய் பச்சைக் கழிவைத் தின்று விட்டது தெரிந்தால், மூன்று வாரத்திற்குள் கீழ்க்கண்ட மருந்தைக் கொடுக்கவும். முட்டையிடும் பருவம் வருமுன் புழுவை வெளியேற்றி விடலாம்.

5. நாய்க்கு உரிய மருந்து கொடுக்கவும். பிரசிகுவான்டெல் என்னும் மருந்து இப்புழுவை முதிர்ந்த பருவத்திலும் இளம்பருவத்திலும் அழிக்க வல்லது. நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில் ஒரே வேளை வாய்வழியாகக் கொடுக்க வேண்டும். 10 கிலோ நாய்க்கு 50 மில்லிகிராமும், 20 கிலோ நாய்க்கு 100 மில்லிகிராமும் தேவை. மருந்துக் கடைகளில் கிடைக்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் இம்மருந்து கலந்துள்ளது. வாங்கும்போது பிரசிகுவான்டெல் எவ்வளவு உள்ளது என்று உறையில் படித்துப் பார்க்கவும். நான்கு வாரம் நிறையாத குட்டிக்கு இதைக் கொடுக்கக் கூடாது. சினை நாய்க்கும் நோயுற்ற நாய்க்கும் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கவும்.

நாயை எடை போடுவது எளிது. உரக் கடையிலோ நெல் நிறுக்கும் இடத்திலோ உள்ள தராசில் நாயைத் தூக்கிக் கொண்டு ஏறி நின்று ஓர் எடையும், நாயை இறக்கிவிட்டு ஓர் எடையும் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நாயின் எடை. மாத்திரையை வெல்லத்திலோ வேகவைத்த கறித்துண்டிலோ பொதிந்து கொடுத்து, முழுவதும் விழுங்கியதைப் பார்த்த பின்பே விடவும்.

வீட்டோடு இருக்கும் நாய்க்கு ஆண்டுக்கு நான்கு முறையாவது இம்மருந்தைக் கொடுக்க வேண்டும். மந்தையோடு திரியும் நாய்க்கும், பச்சைக் கழிவு தின்ன வாய்ப்புள்ள நாய்க்கும் ஆறு வாரத்திற்கு ஒரு முறை தேவை. தின்ற புழுத்தலை முட்டையிடும் புழுவாக ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது என்று மேலே கண்டோம் அல்லவா? அதுவே இக்கணக்கின் காரணம்.

6. மருந்து கொடுத்த பின் மலத்தை அப்புறப்படுத்தவும். பிரசிகுவான்டெல் புழுவைக் கொல்லும். புழுவினுள் இருக்கும் முட்டையைக் கொல்லாது. ஆகவே மருந்து கொடுத்த நாயை மூன்று நாட்கள் கட்டி வைத்து, அது கழிக்கும் மலத்தை மண்வெட்டியால் அள்ளி எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். வழக்கமான கிருமிநாசினிகள் இம்முட்டைகளை அழிப்பதில்லை. கொதிநீரும் நெருப்புமே அழிக்கும்.

7. நாய் மலத்தை எருக்குழியில் போடாதீர். நன்கு மக்கும் எருக்குவியலின் நடுப்பகுதி சூடேறினாலும் ஓரங்களும் மேற்பரப்பும் அவ்வளவு சூடாவதில்லை. ஆங்கே முட்டைகள் பிழைத்துக் கொள்ளும். கடும் வெயிலும் வறட்சியும் முட்டைகளை விரைவில் அழிக்கும். ஆனால் நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாய்க்கால் ஓரமும், கீரைப் பாத்தியும், தென்னந்தோப்பின் நிழலும் அத்தகைய இடங்களே. கீரைப் பாத்தியையும் கொத்தமல்லிப் பாத்தியையும் நாய் புகாதவாறு முள்வேலி இட்டுக் காக்கவும்.

8. கையைக் கழுவவும். நாயைத் தொட்ட பின்பும், தோட்ட வேலை முடிந்த பின்பும், உண்பதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவும் பழக்கத்தைக் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே ஏற்படுத்தவும். நாய்க்குத் தனித்தட்டு வைக்கவும். குடிநீர்ப் பானையையும் ஆட்டின் தண்ணீர்த் தொட்டியையும் நாய் வாய் வைக்காதவாறு பார்த்துக் கொள்ளவும்.

கிடை மறிக்கும்போது

கிடைக்காரரோடு பேச்சு முடிக்கும்போது, ஆட்டின் எண்ணிக்கையையும் இரவுகளின் கணக்கையும் பேசுவதோடு நாய்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசலாம். எத்தனை நாய்கள் வருகின்றன, கடைசியாக எப்போது மருந்து கொடுத்தார் என்று கேட்கலாம். கொடுக்காவிடில், கிடை வந்த முதல் நாளே நம் செலவில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாலும் இழப்பில்லை. கிடைக்கு நாம் கொடுக்கும் தொகையில் அது மிகச் சிறு பங்கே. கிடைக்காரருக்கும் அதனால் நன்மை உண்டு. நாயோடு ஒரே இடத்தில் உண்டு உறங்கும் அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும்தான் இந்நோய் முதலில் வரும்.

கிடை போட்ட வயலில் ஆட்டெருவை உடனே உழுது மண்ணில் மூடுவது தழைச்சத்து வீணாவதைத் தடுக்கும். மேற்பரப்பில் கிடக்கும் நாய் மலமும் அவ்வாறே மண்ணுக்குள் சென்று விடும். உழவு முடியும்வரை அந்த வயலில் வேறு ஆடுகளை மேய விட வேண்டாம்.

தெரு நாய்களை என் செய்வது?

நம் நாயைக் கட்டி வைத்து, தெரு நாயை விட்டு வைத்தால் என்ன பயன் என்ற கேள்வி எழும். நாய்களைக் கொல்வது சட்டப்படி குற்றம். அதனால் பயனும் இல்லை. காலியான இடத்திற்கு வேறு நாய்கள் வந்து சேரும். தெரு நாய் புழுவைப் பெறுவதும் நாம் எறியும் கழிவிலிருந்துதான். கறிக்கடைக் கழிவுக்கு ஒரு மூடிய குழி இருந்தால், தெரு நாய்க்கும் அந்த வழி அடைபடும். ஊராட்சி மூலம் இதைக் கேட்டுப் பெறலாம். கருத்தடைக்காக நாய்களைப் பிடிக்கும்போது இம்மருந்தையும் சேர்த்துக் கொடுக்குமாறு கால்நடை மருத்துவரிடம் கோரலாம்.

பிறர் வென்ற கதை

இவையெல்லாம் நடக்கக் கூடியவையா என்று ஐயுறுவோர்க்கு ஐஸ்லாந்து நாடு ஒரு சான்று. செம்மறி ஆட்டையே பெரிதும் நம்பி வாழ்ந்த அந்நாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் இந்நோய் மிகக் கடுமையாகப் பரவியிருந்தது. 1863-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்டு கிராபே என்பவர் அங்குச் சென்று நாய்களை ஆராய்ந்தார். அவர் பார்த்த 100 நாய்களில் 28 நாய்களின் குடலில் இப்புழு இருந்தது. அடுத்த ஆண்டு, நோய் எவ்வாறு வருகிறது, எவ்வாறு தடுப்பது என்பதை அந்நாட்டு மொழியில் ஒரு சிறு நூலாக எழுதினார். அது வீடுதோறும் விலையின்றிக் கொடுக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த ஆடு வளர்ப்போர் அதைப் படித்தார்கள். கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்குப் போடாமல் அழித்தார்கள். நாய் வளர்ப்பை ஒழுங்கு செய்யும் சட்டங்களும் வந்தன. நோய் படிப்படியாகக் குறைந்து அந்நாட்டை விட்டே நீங்கியது. அந்தப் போராட்டம் தொடங்கியபோது பிரசிகுவான்டெல் மாத்திரை உலகில் இல்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செம்மறி ஆடுகள் மிகுந்த நியூசிலாந்தில் 1959-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றினர். பச்சைக் கழிவை நாய்க்குப் போடுவதைத் தடுத்து, நாய்களுக்குத் தொடர்ந்து மருந்து கொடுத்து வந்தனர். 2002-இல் அந்நாடு இந்நோய் நீங்கிய நாடாகத் தற்காலிகமாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்குப் போடும் தடுப்பூசி ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டு, சீனா, அர்ஜென்டினா போன்ற நாடுகளில் பயன்படுத்தப்படுகிறது. தடுப்பூசி வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. அரிவாளும் மண்வெட்டியும் ஒரு பானைக் கொதிநீரும் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

முடிவாக

பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடாதீர். கட்டியுள்ளதை எரிக்கவும் அல்லது மூன்றடி ஆழத்தில் புதைக்கவும். போட்டே ஆக வேண்டியதை அரை மணி நேரம் கொதிக்க வைக்கவும். நாய்க்கு எடைக்கேற்ற பிரசிகுவான்டெல் மருந்தைக் குறித்த காலத்தில் கொடுக்கவும். நாயைத் தொட்ட கையைக் கழுவிய பின் உண்ணவும். இவற்றைக் கடைப்பிடித்தால் நாயும் காக்கப்படும், ஆடும் காக்கப்படும், குழந்தையும் காக்கப்படும்.

எங்கள் வீட்டில் இப்போதும் நாய் இருக்கிறது. சித்தப்பாதான் அதற்குச் சோறு வைக்கிறார். ஆடு அறுக்கும் நாளில் குழி வெட்டுபவரும் அவரே. மண்ணை மிதித்து இறுக்கி மேலே கல் வைத்த பிறகுதான் நாயை அவிழ்த்து விடுகிறார். அடுத்த முறை தங்கள் வீட்டில் ஆடு அறுக்கும்போது, கறியைப் பங்கு போடுவதற்கு முன் அந்தக் குழியை வெட்டி விடுங்கள்.